குரைக்காத காவல் நாய்கள்

மோசடி என்றதும் நமக்கு ஒரு முகம்தான் ஞாபகம் வரும். சைக்கிள் பந்தயம் என்றால் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், கம்பெனி என்றால் சத்யம் ராமலிங்க ராஜு. "எப்பேர்ப்பட்ட ஆளு, இப்படிப் பண்ணிட்டாரே" என்று நாலு நாள் பேசிவிட்டு மறந்துவிடுவோம். எனக்கு வேறு ஒரு கேள்வி. இவர்களைச் சோதிக்க வேண்டியவர்கள் அத்தனை வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

சத்யத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008 செப்டம்பர் கணக்குப்படி கையிலும் பேங்கிலும் இருந்த பணம் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை! நூறு ரூபாய்க்கு 94 ரூபாய் வெறும் காற்று. இதை எந்த ஆடிட்டரும் கண்டுபிடிக்கவில்லை. 2009 ஜனவரி 7 அன்று ராஜுவே கடிதம் எழுதிச் சொன்ன பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

பேங்க் பேலன்ஸைப் பற்றி கம்பெனி நீட்டும் காகிதத்தை நம்பாதே, பேங்கிடமே நேரடியாகக் கேள். பி.காம் ஆடிட்டிங் பேப்பரில் இது பாலபாடம். சத்யத்தை ஆடிட் செய்த பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்கள் இதைச் சரியாகச் செய்யவில்லை என்று சொல்லி, 2011-ல் அமெரிக்காவின் எஸ்.இ.சி. 60 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

ஆம்ஸ்ட்ராங் கதையும் இதே ரகம்தான். 1998-ல் ஃபெஸ்டினா அணியின் ஊக்கமருந்து விவகாரத்தில் டூர் டி பிரான்ஸின் மானம் கப்பலேறியது. அடுத்த வருஷமே புற்றுநோயை வென்ற ஒருவர் ஜெயிக்கிறார். அந்த விளையாட்டுக்கே அப்படி ஒரு ஹீரோ தேவைப்பட்டார். அதே 1999 பந்தயத்தில் அவர் சாம்பிளில் ஸ்டீராய்டு தெரிந்தபோது, முன்தேதியிட்ட ஒரு மருந்துச் சீட்டைக் காட்டியதும் விஷயம் முடிந்துபோனது. 2012-ல் ஏழு பட்டங்களும் பறிபோகக் காரணம் எந்த ஆய்வுக்கூடமும் இல்லை, முன்னாள் அணித் தோழர்கள் 11 பேர் கொடுத்த சாட்சி.

"போலி ரசீதைக் கொடுத்தால் ஆடிட்டர் பாவம் என்ன செய்வார்?" என்று சிலர் கேட்கலாம். 1896-ல் வந்த கிங்ஸ்டன் காட்டன் மில் தீர்ப்பை நாமெல்லாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆடிட்டர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல. சரி, மோப்பம் பிடிக்க வேண்டாம். கண்ணெதிரே திருட்டுப் போகும்போது குரைக்கவாவது வேண்டாமா?

குரைக்காததற்குக் காரணம் எளிது. சோறு போடுகிறவனைப் பார்த்து நாய் குரைக்காது. ஆடிட்டருக்கு ஃபீஸ் கொடுப்பது அவர் சோதிக்கும் அதே கம்பெனி. 2013 கம்பெனிச் சட்டம், லிஸ்டட் கம்பெனிகளில் ஒரே ஆடிட் நிறுவனம் 10 வருஷத்துக்கு மேல் தொடரக்கூடாது என்றது. நல்ல விஷயம்தான், ஆனால் ஃபீஸ் வரும் பாக்கெட் மாறவில்லையே! பங்குச்சந்தையோ அரசோ ஒரு பொது நிதி வைத்து ஆடிட்டரை நியமிக்கட்டும், ஃபீஸும் அங்கிருந்தே போகட்டும் என்பது என் கட்சி.

2015-ல் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜுவோடு சேர்த்து 10 பேருக்கு 7 வருஷம் சிறை விதித்தது. அதில் இரண்டு பேர் ஆடிட்டர்கள். மேல்முறையீடு செய்து ஜாமீனில் வந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போல இதே பாடத்தைப் படித்தவர்கள்தான்.

நம் வகுப்பிலிருந்தும் சிலர் நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப் போகிறோம். பெரிய க்ளையன்ட், பெரிய ஃபீஸ், எதிரே ஒரு பேங்க் ரசீது. ஒரு போன் போட்டுக் கேட்போமா, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவோமா? நீங்களே சொல்லுங்கள்.