நாய்க்குட்டிக்கும் ப்ரீகேஜி

அம்பத்தூர் பக்கம் பலர், தடுப்பூசி எல்லாம் முடியட்டும்னு குட்டிய நாலு மாசம் வீட்டுக்குள்ளயே பூட்டி வெச்சிடறாங்க. பார்வோ பயம் நியாயம்தான். ஆனா குட்டி பயமில்லாம உலகத்தோட பழகற பருவம் சுமார் 3 வாரத்துல ஆரம்பிச்சு 14 வாரத்துக்குள்ள முடிஞ்சிடுதே! அப்புறம் ஷேர் ஆட்டோ, சிலிண்டர்காரர், பக்கத்து வீட்டு மாமி... எல்லாருமே எதிரி.

முதல் ஊசியும் பூச்சி மருந்தும் கொடுத்து 7 நாள் ஆனா, 7-8 வாரக் குட்டியையே வகுப்புல சேர்க்கலாம்னு அமெரிக்க கால்நடை நடத்தையியல் சங்கமே சொல்லுது. இடம் சுத்தமா இருக்கணும், மத்த குட்டிகளுக்கும் ஊசி போட்டிருக்கணும். தெருவுல மட்டும் இறக்கி விடாதீங்க, தூக்கிட்டுப் போங்க.

'உட்காரு'ன்னு நாமளே சொல்லிக் கொடுத்துடலாம். எவ்ளோ அழுத்திக் கடிச்சா வலிக்கும்ங்கறத இன்னொரு குட்டி கத்தித்தான் புரிய வைக்கணும். அதுக்குத்தான் டே-கேர். அதுக்காக நம்ம ஆபீஸ் ஷிப்ட் மாதிரி பத்து மணி நேரமா? அரை நாளே ஜாஸ்தி சாமி! சேர்க்கறதுக்கு முன்னாடி ஒருதடவை சொல்லாம போய்ப் பாருங்க. பெரிய நாய்களோட ஒரே ஹால்ல விட்டிருந்தாலோ, பயந்து மூலையில ஒதுங்கின குட்டிய யாரும் கவனிக்கலைன்னாலோ, அட்வான்ஸ் கட்டாம திரும்பிடுங்க.