பழி குரங்கிற்கு, பொறுப்பு யாருக்கு?

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இலங்கைத் தீவு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று நிலைமாற்றியைத் தீண்டியமையே காரணம் என அமைச்சர் மட்டத்தில் அறிவிக்கப்பட்டது. செய்தி உலகெங்கும் பரவி நகைப்புக்கு இடமாயிற்று. ஆயின் பாணந்துறைக்கு நெடுந்தொலைவில், புத்தளம் மாவட்டக் கரையில் அமைந்த நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் ஏன் ஒருங்கே நின்றன, அடுத்து வந்த நாட்களிலும் மக்கள் ஏன் முறைவைத்து இருளில் இருக்க நேர்ந்தது என்னும் வினாக்கள் அந்நகைப்பில் அமிழ்ந்து போயின. சூரிய மின்சாரம் மிகுந்தும் சுழலும் பேரியந்திரங்கள் குறைந்தும் இருந்த வேளையாதலாற் கட்டமைப்பின் தாங்குதிறன் குன்றியிருந்தது என்ற விளக்கம் பின்னர் வெளிவந்தது. குரங்கு சென்ற தூரத்திற்கு அவ்விளக்கம் செல்லவில்லை.

இது புதுவதன்று. 2016 மார்ச் 13இல் நாடு இருண்டபோது பியகமையில் வெடித்த நிலைமாற்றி சுட்டிக்காட்டப்பட்டது. 2020 ஓகஸ்ற் 17இல் கெரவலப்பிட்டியில் நிகழ்ந்த மனிதத் தவறு பேசப்பட்டது. ஒருமுறை பொறி, ஒருமுறை ஊழியர், ஒருமுறை விலங்கு. முதற் பழுது எங்கு நேர்ந்தது என்பதோடு ஒவ்வொரு முறையும் பொதுப்பேச்சு முடிந்துவிடுகின்றது. பழுது நேர்வது இயல்பு. ஓரிடத்துப் பழுதை அவ்விடத்திலேயே தடுத்து நிறுத்துவதே மின்காப்பின் கடமை. எனவே கேட்கத்தக்க வினா, காப்பு எவ்வாறு கணிக்கப்பட்டிருந்தது என்பதேயாகும்.

அவ்வினா பொறியியலாளர்க்கே உரியது, ஏனையோர்க்கு விளங்காது என்பர் சிலர். அக்கூற்று எத்துணை வலுவற்றது என்பதற்கு நிலைமாற்றியின் வேறுபாட்டுக் காப்பு ஒன்றே போதிய சான்று. 1904இல் இங்கிலாந்தில் மேர்ஸ், பிரைஸ் என்னும் இருவர் உரிமம் பெற்ற இம்முறையின் அடிப்படை, உட்சென்றதும் வெளிவந்ததும் ஒத்திருத்தல் வேண்டும் என்பதே. ஒவ்வாவிடின் பழுது உள்ளே இருக்கின்றது. ரிலே உடனே நிலைமாற்றியைத் துண்டித்துவிட வேண்டும். ஒத்திருப்பின் பழுது வெளியே எங்கோ உள்ளது. ரிலே வாளாவிருத்தல் வேண்டும்.

சிக்கல் அளவையில் எழுகின்றது. 132 கிலோவோல்ற்றை 33 கிலோவோல்ற்றாகக் குறைக்கும் 31.5 மெகாவோல்ற்-அம்பியர் நிலைமாற்றியொன்றை எடுத்துக்கொள்வோர், முழுச்சுமையில் அதன் உயர் அழுத்தப் பக்கத்தில் ஏறத்தாழ 138 அம்பியரும் தாழ் அழுத்தப் பக்கத்தில் ஏறத்தாழ 551 அம்பியரும் பாய்வதைக் கணித்தறியலாம். இவற்றை நேரே ஒப்பிடல் இயலாது. ஆதலால் இருபுறமும் சிறிய ஓட்ட நிலைமாற்றிகள் பொருத்தப்படுகின்றன. முதற்பக்கத்தில் 150க்கு 1, மறுபக்கத்தில் 600க்கு 1 என்னும் விகிதங்கள் அமையின், இரண்டும் ரிலேக்கு 0.92 அம்பியர் என்றே உரைக்கும். மறுபக்கத்தில் 800க்கு 1 என்பதைப் பொருத்தி, அதற்கேற்பத் திருத்தம் செய்யாது விடின், அது 0.69 என உரைக்கும். பழுது எதுவும் இல்லாதிருக்கவும் 0.23 அம்பியர் வேறுபாடு தோன்றும். 0.2 அம்பியர் வேறுபாட்டில் இயங்குமாறு வைக்கப்பட்ட எளிய ரிலே குற்றமற்ற நிலைமாற்றியைத் துண்டித்துவிடும். வெளியே பழுது நேர்ந்து ஓட்டம் பத்து மடங்காயின் அப்பொய் வேறுபாடும் பத்து மடங்காகும். இதற்கஞ்சி ரிலேயின் எல்லையைக் கண்மூடி உயர்த்தினாலோ, சுருளினுள் தொடங்கும் சிறு பழுது தீப்பற்றும்வரை கண்டுகொள்ளப்படாது.

மேலும், ஒருபுறம் நட்சத்திர இணைப்பும் மறுபுறம் முக்கோண இணைப்பும் இருப்பின் ஓட்டங்களிடையே 30 பாகை விலகல் நேரும். அதனையும் ஈடுசெய்தல் வேண்டும். அழுத்தத்தைச் சீராக்கும் படிமாற்றி நிலைமாற்றியின் விகிதத்தையே மாற்றிக்கொண்டிருக்கும். அதற்கென ஒரு சகிப்பெல்லை விடுதல் வேண்டும். இன்றைய எண்முறை ரிலேக்கள் இத்திருத்தங்களைத் தாமே கணிக்கின்றன எனப்படும். உண்மை, ஆயினும் கணிப்பதற்குரிய எண்களை ஊட்டுபவன் மனிதனே. தவறான எண்ணை ரிலே தவறாது பின்பற்றும்.

மேற்கண்ட நாடளாவிய மின்தடைகளுக்கு இத்தகைய விகிதப் பிழையே காரணம் என இங்கு வாதிக்கப்படவில்லை. பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எவரும் பின்தொடரக்கூடிய கணக்குகள்மீதே காப்பு நிற்கின்றது என்பதே வாதம். கணக்கு விளங்குமாயின் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு.

அவ்வுரிமை புத்தளக் கரையோர்க்கு மற்றெவரினும் மிகுதி. 2011இல் முதல் இயந்திரமும் 2014இல் ஏனையவும் இயங்கத் தொடங்கிய 900 மெகாவாற் நிலையத்தின் நிலக்கரித் தூசியையும் சாம்பலையும் பற்றி முறையிட்டு வருவோர் கற்பிட்டிக் குடாநாட்டின் மீனவரும் தோட்டக்காரருமே. மின்சாரம் நின்றால் அவர்தம் நீரிறைக்கும் பம்பிகள் நிற்கும். சிலாபம் முதல் புத்தளம் களப்பு வரையுள்ள இறாற் பண்ணைகளிற் காற்றூட்டும் சக்கரங்கள் ஓய்ந்தால், குளத்து உயிர்கள் மூச்சின்றி மடியும். ஆக்கத்தின் கேட்டையும் தடையின் கேட்டையும் ஒருங்கே சுமப்போரிடம் குரங்கின் கதையை மட்டும் கூறுதல் அறமாகாது.

தமிழில் இவற்றைச் சொல்ல இயலாது என்பாரும் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவர் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். தமிழ்மொழிமூல மாணவர் உயர்தரப் பௌதிகவியலில் நிலைமாற்றியையும் தூண்டலையும் தமிழிலேயே கற்கின்றனர். குறை மொழியினதன்று, பாடசாலை வாயிலுக்கு அப்பால் அம்மொழியை எடுத்துச் செல்லாதோரது. மின்சாரத்தை உவமைக்கு மட்டும் எடுத்தாண்டு மேடையிற் கைதட்டுப் பெறும் கலைத்துறையினரும் இக்குறைக்குப் பொறுப்பாளிகளே.

காப்பு விபரங்களை வெளியிடின் நாசகாரர்க்கு உதவும் என்ற அச்சமும் எழுப்பப்படுகின்றது. கடவுச்சொற்களை எவரும் கேட்கவில்லை. எந்த ரிலே இயங்கியது, எது இயங்கத் தவறியது, கணக்கை யார் சரிபார்த்தார், முன்னைய விசாரணைகளின் பரிந்துரைகளில் எவை நிறைவேறின என்பவையே கேட்கப்படுவன. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கேட்பதற்கு வழி வகுத்துள்ளது. தமிழும் அரசகரும மொழியே என்பது 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்திலேயே எழுதப்பட்டுள்ளது. ஆகவே நாடளாவிய மின்தடை ஒவ்வொன்றன் விசாரணை அறிக்கையும் தமிழிலும் முழுமையாக வெளிவருதல் வேண்டும். அதனைக் கேட்டுப் பெற்று, கணக்கோடு விளக்கி, கற்பிட்டியிலும் நுரைச்சோலையிலும் உடப்பிலும் வாழ்வோரிடம் சேர்ப்பதைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் தம் பணியாக ஏற்றல் வேண்டும்.