விலை உண்டு, கூலி இல்லை

மந்திரப் பொருளின் விலையைக் கேட்டு இனி யாரும் கேம் மாஸ்டரை நச்சரிக்க வேண்டியதில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கு 2024 நவம்பரில் வந்த புதிய டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு அதை ஒரே அட்டவணையில் முடித்துவிட்டது. காமன் 100 பொன், அன்காமன் 400, ரேர் 4,000, வெரி ரேர் 40,000, லெஜண்டரி 2,00,000. இதை நம் மேசைகளில் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்று வாசகர்கள் கேட்கிறார்கள்.

விலையைப் பொறுத்தவரை தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். 2014 பதிப்பு ரேர் பொருளுக்கு 501 முதல் 5,000 வரை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது. ஒரு மேசையில் 600-க்குக் கிடைத்த மோதிரம் அடுத்த மேசையில் 5,000 ஆனது. பொருள் வாங்க ஸனாதர்ஸ் கைடு என்ற துணைநூல் சொன்ன ஒரு வாரத் தேடல், நூறு பொன் செலவு, பெர்சுவேஷன் உருட்டல் எல்லாம் நல்ல காட்சிகளைத் தந்தன. ஆனால் பாதிப் பேர் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஒரே விலை என்பதில் நமக்குச் சண்டை இல்லை.

சண்டை தயாரிப்புக் கணக்கில்தான். அதே நூலின்படி ஒரு ரேர் பொருளைச் செய்ய 50 நாளும் 2,000 பொன்னும் ஆகும். ஆட்டக்காரர் கையேட்டின் பொது விதிப்படி விற்றால் பாதி விலை, அதாவது 2,000. போட்ட முதல் திரும்பி வருகிறது. ஐம்பது நாள் உழைப்புக்கு மதிப்பு சுழியம். லெஜண்டரிக்கும் இதே கதை: 250 நாள், ஒரு லட்சம் முதல், ஒரு லட்சம் வரவு. ஆட்டக்காரர்கள் சாகசத்தை விட்டுவிட்டுப் பட்டறை வைத்து உட்காரக் கூடாது என்பதற்காகத்தான் இப்படி அமைத்தார்கள் என்பது நமக்கும் புரிகிறது. ஆனால் அதற்கு உழைப்பையே கணக்கிலிருந்து அழித்திருக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் லெவலில் பாத்திரத்துக்குக் கிடைக்கும் பேஸ்டியன் என்ற கோட்டையைப் பாருங்கள். அங்கே வேலை செய்யும் ஆட்களின் சம்பளத்தை அந்தந்த அறையே ஈட்டிக்கொள்வதாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது நூல். கூலி என்ற பேச்சே மேசைக்கு வராது. கூலிக்கு ஆள் பிடித்தாலும் கைத்திறன் உள்ளவருக்கு நாளுக்கு 2 பொன், இல்லாதவருக்கு 2 வெள்ளி. ஐம்பது நாளுக்கு 100 பொன். 4,000 பொன் பொருளில் நாற்பதில் ஒரு பங்கு. லெஜண்டரியின் 250 நாளுக்கு அது நானூறில் ஒரு பங்கு.

போடி பக்கத்துச் சிலமலையில் உட்கார்ந்து இதைப் படிப்பவருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. போடி ஏலக்காய் மின்னணு ஏலத்தில் தட்டில் மாதிரிக் காய் வரும். வியாபாரி நிறம் பார்ப்பார், பருமன் பார்ப்பார், ஒன்றை உடைத்துப் பார்ப்பார், பிறகு பொத்தானை அழுத்துவார். அன்றைய ஏலம் முடிந்ததும் நறுமணப் பொருள் வாரியம் அதிகபட்ச விலை, சராசரி விலை என்று இரண்டு எண்களை வெளியிடும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது அந்த எண்ணை எல்லோரும் பேசினார்கள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலைத் தோட்டத்துக்கு ஏறும் பெண்ணின் கூலி அந்த விகிதத்தில் ஏறவில்லை. ஏலக்காய்ச் சரம் தரையோடு கிடக்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும், அட்டைக்கடியோடு, விளைந்த காயை மட்டும் தேடி எடுக்க வேண்டும். மாதத்துக்குச் சற்றுக் கூடக்குறைய அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். நாலைந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோர் என்ற உலர்த்தும் கூடத்தில் உலர்ந்தால்தான் ஒரு கிலோ. ஏல அறையின் திரையில் இதில் எதுவும் தெரியாது.

நிஜத்தில் நடக்கும் இந்த அநியாயத்தைக் கற்பனை உலகத்துக்கும் ஏன் கொண்டுபோக வேண்டும்? டிராகனின் மூச்சு எத்தனை அடி பாயும் என்று வயதுவாரியாக எழுத இடம் இருந்தது. ஐம்பது நாள் உலைக்களத்தில் நின்றவருக்கு என்ன கொடுப்பது என்று ஒரு வரி எழுத இடம் இல்லை. இந்த இதழ் இதைப் பல முறை எழுதிவிட்டது. பதிப்புக்குப் பதிப்பு அட்டைப்படம் மாறுகிறது, கூலிக்காரர் மட்டும் பெயரில்லாமலே நிற்கிறார். நூலை எழுதுகிறவர்கள் வாங்குகிறவரின் பக்கமே உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

ஆகவே நம் நிலை இது. அட்டவணை விலையை ஏலத்தின் ஆரம்ப விலையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் கைமாற்றாமல் ஏலத்தை மேசையிலேயே நடத்துங்கள்: ஒருவரையொருவர் அறிந்த மூன்று வியாபாரிகள், தொட்டுப் பார்க்க மட்டும் அனுமதி, பணம் வர இரண்டு வாரம். வந்த பணத்தில் நாலில் ஒரு பங்கைச் செய்தவருக்கும் உடன் உழைத்தவருக்கும் முதலில் எடுத்து வையுங்கள். பேஸ்டியன் ஆட்களுக்குப் பெயர் வையுங்கள். அவர்கள் கூலி உயர்வு கேட்கட்டும், கிடைக்காவிட்டால் எதிர் முகாமுக்குப் போகட்டும். ஆட்டத்தின் சமநிலை கெடும் என்பவர்களுக்கு ஒரு பதில்: 4,000-க்கு விற்றாலும் முதல் 2,000, கூலி 1,000 போக மீதி ஆயிரம்தான். ஐம்பது நாள் சாகசத்தை இழந்த பாத்திரத்துக்கு அது பெரிய தொகை அல்ல.

இப்படி மாற்றி எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் வந்த எஸ்ஆர்டி 5.2 என்ற அடிப்படை விதித் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், திருத்தலாம், தமிழில் அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். அடுத்த இதழுக்குள் ஒரு ஏலமாவது நடத்திப் பார்த்து, யாருக்கு எவ்வளவு போனது என்ற கணக்கை எழுதி அனுப்புங்கள். வருகிற கணக்குகளை வைத்துத் தமிழில் ஒரு கூலி அட்டவணையை நாமே வெளியிடுவோம்.