அப்லாத்திவம் ஐந்தாம் வேற்றுமையா?

இலத்தீன் மொழியின் அப்லாத்திவ வேற்றுமையை ‘ஐந்தாம் வேற்றுமை’ என்றோ ‘நீக்க வேற்றுமை’ என்றோ பெயர்த்தெழுதுவது நம் வகுப்பறைகளிலும் கலைச்சொல் பட்டியல்களிலும் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கு பிழையானது, கைவிடத்தக்கது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பெயரைக் கொண்டு பொருளைத் துணிந்ததே இப்பிழையின் தோற்றுவாய். ‘அகற்றப்பட்டது’ என்னும் பொருளுடைய சொல்லடியாகப் பிறந்த அப்பெயர், அவ்வேற்றுமையின் ஒரு பயனை மட்டுமே சுட்டுகிறது. மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் நீக்கம், கருவி, இடம் என வேறு வேறாக நின்ற மூன்று வேற்றுமைகள் இலத்தீனில் பெரும்பாலும் ஒன்றாகக் கலந்தன. அக்கலப்பின் பெயரே அப்லாத்திவம்.

சான்றுகள் சில காண்போம். ‘ரோமா வேனித்’ என்பது ‘ரோமிலிருந்து வந்தான்’ எனப் பொருள்படும். இது நமக்கு ஐந்தாவது. ‘கிளாதியோ’ என்பது ‘வாளால்’. ‘கும் அமீக்கோ’ என்பது ‘நண்பனொடு’. இவ்விரண்டும் நமக்கு மூன்றாவது. ‘ஏயோ தியே’ என்பது ‘அந்நாளில்’, இது ஏழாவது. ‘ஊர்பே காப்தா’ என்பதோ ‘நகர் பிடிபட்டபின்’ என விரியும். இங்குத் தமிழில் வேற்றுமைக்கே இடமில்லை, எச்சமே அப்பணியைச் செய்கிறது.

ஒற்றுமை அறவே இல்லை என்பது எம் கருத்தன்று. ஐந்தாவதற்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது எனும் பொருள்களை நன்னூல் கூறும். இலத்தீனும் ‘பொன்னினும் விலையுயர்ந்தது’ என்னும் ஒப்பீட்டை இவ்வேற்றுமையாலேயே உணர்த்தும், ஏதுப்பொருளும் அதற்குண்டு. எனினும் சில பயன் ஒத்தமையால் முழுமையும் ஒன்றெனல் பொருந்தாது.

கலைச்சொல் வசதிக்காகவே இவ்வாறு வழங்குகிறோம் என்பர் சிலர். உரோமானியர்க்கே இவ்வசதி உறுத்தியது. கி.பி. முதல் நூற்றாண்டினரான குவிந்திலியன், கருவிப்பொருளில் வரும் இவ்வேற்றுமை தன் இயல்பில் நிற்கவில்லை என்றும், அதனை ஏழாம் வேற்றுமை எனத் தனியே கொள்ளலாமா என்றும் வினவினார். அவர் ஐயுற்ற இடத்தில் நாம் ஐயமின்றி நிற்கிறோம்!

இது அயல்மொழிச் சிக்கல் என ஒதுக்கத்தக்கதும் அன்று. 1716இல் ஹாலே நகரில் அச்சான சீகன்பால்கு இலக்கணமும், 1738இல் தரங்கம்பாடியில் அச்சான வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் இலத்தீனில் எழுதப்பட்டவை. அவற்றில் ‘அப்லாத்திவம்’ என வருமிடமெல்லாம் ‘ஐந்தாம் வேற்றுமை’ எனப் பெயர்ப்போமாயின், அவ்வாசிரியர்கள் சொல்லாததை அவர்கள்மேல் ஏற்றியவராவோம். அதன்வழி தமிழிலக்கண வரலாற்றையும் பிறழ எழுதுவோம். ஆகவே அச்சொல்லை ‘அப்லாத்திவம்’ என்றே வழங்குக. ஒவ்வோரிடத்தும் உருபையும் பொருளையும் ஆய்ந்த பின்னரே தமிழ் வேற்றுமையைப் பெயரிடுக. வேற்றுமையைத் துணிவது பொருளேயன்றிப் பெயரன்று.