சிறிய நாயும் பெரிய குரலும்

நாய் குரைத்தல் குற்றமன்று. குரையாத நாயை எவரும் வீட்டுக் காவலுக்கு வைத்துக்கொள்வதில்லை. ஆயினும், ஒரு முழ உயரமும் இல்லாத சிறிய நாயொன்று விடியற்காலை தொடங்கி நள்ளிரவு வரை ஓயாது குரைக்குமாயின், அவ்வீட்டில் அமைதி குன்றுகின்றது; அயல்வீட்டில் பொறுமை குன்றுகின்றது; ஈற்றில் அந்நாயின் வாழ்வே கேள்விக்குரியதாகின்றது. கழுத்துப்பட்டி கழன்றும் கழலாமலும், சடை விழுந்த உரோமத்தோடு, சந்தைப் புறங்களில் அலைந்து திரியும் சாதி நாய்களை நாம் காண்பதுண்டு. அவை ஒரு காலத்தில் ஆசையோடு வாங்கப்பட்டவை. பின்னர் தொல்லையென்று விடப்பட்டவை. அவற்றுட் சிலவேனும் குரைத்த குற்றத்துக்காகவே வீடிழந்திருக்கும். ஆகவே, இச்சிறு பிராணிகள் ஏன் இவ்வாறு குரைக்கின்றன, அதனைக் குறைக்கும் வழி யாது என்பனவற்றை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

நாயின் உறவாகிய ஓநாய், வளர்ந்தபின் அரிதாகவே குரைக்கும். மனிதனோடு வாழப் புகுந்த நாயோ குரைப்பையே தன் மொழியாக்கிக்கொண்டது. அம்மொழி நமக்கு ஓரளவு விளங்கவும் செய்கின்றது. ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ற் நகர ஆய்வாளர்கள், பல்வேறு சூழ்நிலைகளிற் பதிவு செய்த நாய்க் குரைப்புகளை மக்களுக்குக் கேட்கச் செய்து, 2005ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். அந்நியன் வரும்போது குரைத்தது எது, தனித்து விடப்பட்டபோது குரைத்தது எது, விளையாட்டிற் குரைத்தது எது என்பதை, நாய் வளர்த்தறியாதோரும் ஓரளவு பிரித்தறிந்தனராம். தாழ்ந்த சுருதியில் இடைவிடாது தொடர்வது எச்சரிக்கை. உயர்ந்த சுருதியில் விட்டுவிட்டு எழுவது தனிமையின் முறையீடு அல்லது விளையாட்டு. ஆதலின், குரைப்பைக் கேட்டதும் "வாயை மூடு" என்று அதட்டுவதற்கு முன்னர், "என்ன சொல்கின்றது?" என்று வினவுதலே அறிவுடைமையாகும்.

இனி, சிறிய நாய்களின் குலவரலாற்றைச் சற்று நோக்குவோம். நம் நாட்டு வீடுகளிற் பெரிதும் விரும்பப்படும் பொமரேனியன், பால்ற்றிக் கடற்கரைப் பகுதியின் பெயரைத் தாங்கியது. குளிர்நாடுகளிற் காவல் காத்தும் வண்டியிழுத்தும் வாழ்ந்த நாய்களின் வழிவந்தது. 1888இல் இத்தாலிய நகராகிய புளோரன்ஸிலிருந்து விக்ரோறியா மகாராணி சிறிய பொமரேனியன் ஒன்றைக் கொண்டுவந்த பின்னரே, சிறியவற்றை வளர்க்கும் மோகம் பெருகிற்று. இன்று அது 2 அல்லது 3 கிலோ நிறையே உடையது. எனினும் காவற்காரனின் குரலை மட்டும் இழக்கவில்லை. ஜேர்மனியிலே தோன்றிய நீண்ட உடலுடைய டக்ஸண்ட், நிலத்தடி வளைக்குள் விலங்கைத் துரத்திச் சென்று, தான் நிற்கும் இடத்தை மேலே நிற்கும் வேட்டைக்காரனுக்குக் குரைத்து அறிவிப்பதற்கென்றே வளர்க்கப்பட்டது. திபெத்திய மடங்களின் உட்புறக் காவலராய் இருந்தது லாசா அப்சோ. இவற்றை எல்லாம் மனிதன் குரைப்பதற்காகவே தேர்ந்து வளர்த்தான். வளர்த்த பின்னர் ஏன் குரைக்கிறாய் என்று கேட்கின்றான்!

எனினும், பழி முழுவதையும் குலத்தின்மீது சுமத்தி விடுதல் நீதியாகாது. 2010ஆம் ஆண்டு வியன்னாவின் மிருகவைத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, சிறிய நாய்களை வளர்ப்போர், பெரிய நாய்களை வளர்ப்போரைக் காட்டிலும், நிலையான ஒழுங்கைக் கைக்கொள்வது குறைவு. அவற்றைப் பழக்குவதும் குறைவு. இதற்குக் காரணம் கூறவும் வேண்டுமோ? பெரிய நாயொன்று படலையிற் பாய்ந்து குரைத்தால் நாம் அஞ்சித் திருத்த முற்படுகின்றோம். கைக்குள் அடங்கும் நாய் அதையே செய்தால், "பாருங்கள் இதன் வீரத்தை!" என்று சிரித்து, வாரியெடுத்து மடியில் வைக்கின்றோம். நாயோ தனக்குக் கிடைத்த சன்மானத்தை மறப்பதில்லை.

விலங்குகள் பயனளித்த செயலையே மீண்டும் செய்யும் என்பதை அமெரிக்க உளநூலறிஞராகிய தோண்டைக், பூனைகளைக் கூண்டுகளில் இட்டுச் சோதித்து, 1898இல் விளக்கினார். தபாற்காரரை எண்ணிப் பாருங்கள். அவர் வருகின்றார், நாய் குரைக்கின்றது, அவர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகின்றார். தன் கடமை முடிந்தமையால் அவர் போனார் என்பது நாம் அறிந்தது. "நான் குரைத்தேன், பகைவன் ஓடினான்" என்பதே நாய் கற்ற பாடம். நாள்தோறும் வெற்றி பெறும் வீரன் போரை எவ்வாறு கைவிடுவான்?

இக்காரணங்கள் யாவும் ஒருங்கே அமைந்த ஒரு வீட்டை நாம் அறிவோம். வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியிலுள்ள நண்பர் குடும்பத்தில் நான்கு வயதுப் பொமரேனியன் ஒன்று உண்டு. மின்தூக்கியின் கதவு திறந்தாற் குரைக்கும். கடலோரம் புகைவண்டி சென்றாற் குரைக்கும். பாண் முச்சக்கரவண்டி தன் இசையோடு வந்தால் ஊளையும் இடும். எதிர்வீட்டு மாணவனோ உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தான். அவன் தாயார் முதலில் நயமாகக் கூறினார். பின்னர் முகாமைக் குழுவுக்கு எழுதினார். ஒரு மாதத்தில் நாயை அடக்குக, அன்றேல் அகற்றுக என்று கட்டளை பிறந்தது. "மாஸ்டர், இதை எங்கையாவது கொண்டுபோய் விட்டிட்டு வாறதுதான் வழி போலக் கிடக்கு" என்று நண்பர் நம்மிடம் கூறியபோது, அவருடைய மகள் கதவோரம் நின்று கண் கலங்கினாள்.

அவசரப்பட வேண்டாம், ஒரு கொப்பியை வாங்கி, எப்போது குரைத்தது, எதைக் கண்டு அல்லது கேட்டுக் குரைத்தது, குரைத்ததும் வீட்டார் என்ன செய்தனர் என்பனவற்றை ஏழு நாள் எழுதுக என்றோம். வீட்டில் எவரும் இல்லாதபோது கைத்தொலைபேசி ஒன்றை ஒலிப்பதிவில் வைத்துச் செல்லவும் சொன்னோம். எழுத்தைப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. தனிமையில் நாய் பெரும்பாலும் உறங்கியது. குரைப்பிற் பெரும்பங்கு மின்தூக்கியினால் எழுந்தது. நாயின் படுக்கை வாயிற் கதவை ஒட்டியே இருந்தது. அடுத்த பங்கு உணவு வேளையில். குரைத்த போதெல்லாம், "பாவம், பசிக்குது போல" என்று அம்மம்மா பிஸ்கற் துண்டொன்றைப் போட்டு வந்தார். அது குரைப்புக்கு அளித்த கூலியன்றி வேறென்ன?

படுக்கை உள்ளறைக்கு மாறிற்று. கதவின் அடியிலுள்ள இடைவெளி தடித்த துணியால் அடைக்கப்பட்டது. காலையிலும் மாலையிலும் கடற்கரைப் பக்கமாக உலாவ அழைத்துச் சென்றனர். அங்கே முகர்ந்து முகர்ந்து நடக்கவும் விட்டனர். பின்னர் பயிற்சி தொடங்கிற்று. தந்தையார் வெளியே சென்று மின்தூக்கியைத் திறப்பார். ஒலி கேட்டவுடன், நாய் வாய் திறக்குமுன், மகள் பயறளவு உணவொன்றைக் கொடுப்பாள். சைவ வீடாதலின் அவித்த கரட் துண்டே போதுமானதாயிற்று. நாளொன்றுக்கு இருமுறை, முறைக்கு ஐந்து நிமிடமே. பத்து நாளளவில், ஒலி கேட்டதும் நாய் கதவை நோக்காது மகளின் கையை நோக்கிற்று. பகைவனின் அறிகுறியாய் இருந்த ஒலி, விருந்தின் அறிகுறியாயிற்று.

உணவு வேளைக் குரைப்புத்தான் கடினமாயிருந்தது. பிஸ்கற் நின்றதும் முதல் நான்கு நாளும் நாய் முன்னிலும் உரத்துக் குரைத்தது. இஃது எங்கும் நிகழ்வதே. பழக்கம் அழியுமுன் ஒருமுறை பொங்கும்; அப்பொழுது இரங்கி ஒரு துண்டைப் போட்டாலும், இன்னும் உரத்துக் குரைத்தாற் கிடைக்கும் என்ற பாடத்தையே நாய் கற்கும். அம்மம்மா இருமுறை பிஸ்கற் பேணியைத் திறந்தார். பேர்த்தியின் முகத்தைக் கண்டு மூடினார். ஐந்தாம் நாள் நாய் சலித்துப் படுத்தது. படுத்த பின்னரே அதற்குரியது வழங்கப்பட்டது.

மாத முடிவில் நாய் ஊமையாகிவிடவில்லை. புதியவர் மணியடித்தால் இரண்டு மூன்று முறை குரைத்து நிறுத்தும். அதுவே வேண்டப்படுவது. எதிர்வீட்டுத் தாயார் தாமாகவே வந்து, "நாயைக் குடுத்திட்டீங்களோ எண்டு நினைச்சன்" என்றாராம். மாணவன் அமைதியாகப் படித்துப் பரீட்சை எழுதினான். நாயும் வீட்டிலேயே இருக்கின்றது.

வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டியன இன்னுஞ் சில உள. அடித்தல் ஆகாது. அச்சத்தாற் குரைக்கும் நாயை அடித்தால் அச்சம் இருமடங்காகும். வியன்னா ஆய்வும் தண்டனை மிகுந்த இடத்திற் சிறு நாய்களின் அச்சமும் சினமும் மிகுந்திருக்கக் கண்டது. நாம் உரத்துக் கத்தினால், எசமானரும் சேர்ந்து குரைக்கின்றார் என்றே அது எண்ணக்கூடும். குரல்நாணை வெட்டும் கொடுமையை 1987ஆம் ஆண்டின் ஐரோப்பிய வளர்ப்புப் பிராணிப் பாதுகாப்பு உடன்படிக்கை விலக்கியுள்ளது. "குரைக்கிற நாய் கடிக்காது" என்ற பழமொழியை நம்பிக் குழந்தைகளை அருகே விடுதலும் தகாது. அஞ்சிக் குரைப்பது கடிக்கவுங் கூடும்.

வீட்டார் புறப்பட்டதும் தொடங்கி, மூச்சிரைக்க, எச்சில் வடிய, கதவைப் பிறாண்டிக் குரைக்கும் நாய்க்குத் தனிமை ஒரு நோய். அதனைச் சில விநாடி, சில நிமிடம் என்று சிறுகச் சிறுகத் தனித்திருக்கப் பழக்க வேண்டும். மிருகவைத்தியரின் துணையும் வேண்டும். முதிர்ந்த நாய் காரணமின்றி இரவிற் குரைக்குமாயின் நோவோ, செவிப்புலக் குறைவோ, மூளைத் தளர்ச்சியோ இருக்கலாம். அமைதியான நாயின் குரல் திடீரென மாறிக் கரகரத்து, நடத்தையும் மாறுமாயின், அது விசர் நோயின் அறிகுறியாகவும் இருத்தல் கூடும். அவ்வேளை அதனைத் தொடாது, உடனே மிருகவைத்தியருக்கு அறிவித்தல் அவசியம். விசர் நோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது ஏற்றுவித்தல் ஒவ்வொருவர்க்கும் கடன்.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பர். பொமரேனியனின் வால் முதுகின்மேற் சுருண்டு கிடப்பதே அழகு; அதனை நிமிர்த்த வேண்டியதில்லை. குரைப்போ வாலைப் போன்றதன்று. அதன் பெரும்பகுதி நாம் கற்பித்தது. கற்பித்தவர் நாமாயின், திருத்திக் கற்பிக்கும் பொறுப்பும் நம்முடையதே. நாயைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் எண்ணம் எவர்க்கேனும் தோன்றுமாயின், அதற்கு முன்னர் ஒரு கொப்பியும் ஒரு மாதப் பொறுமையும் செலவிட்டுப் பார்க்குமாறு வேண்டுகின்றோம்.