உருகும் பனியில் ஒரு குறுக்குவழி

ரொட்டர்டாமிலிருந்து யோகோஹாமாவுக்கு சுயஸ் ஊடாகச் சுமார் 20,000 கிலோமீற்றர். ரஷ்யாவின் வடகரையை ஒட்டிய ஆர்க்டிக் வழியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மிச்சம். பனி குறைந்ததால் கோடையில் கப்பல்கள் அவ்வழியே ஓடுகின்றன. வியாபாரி என்ற வகையில் எனக்கும் குறுக்குவழி பிடிக்கும்தான். ஆனால் இம்மிச்சத்தை இலாபமென்று கணக்கெழுத எனக்கு மனமில்லை.

காரணம், பல கப்பல்கள் எரிக்கும் மலிவான உலை எண்ணெய். அதன் கரி பனிமீது படிந்தால் வெயிலை உறிஞ்சி, பனி இன்னும் வேகமாக உருகும். குளிர்நீரில் கொட்டினாலோ தார்போலத் தடித்துவிடும், அள்ளுவது பெரும்பாடு. அந்தார்டிக்கில் இதை 2011 இலேயே தடைசெய்தார்கள். ஆர்க்டிக்கில் 2024 ஜூலையில்தான் தடை. அதிலும் கரையோர நாடுகள் தம் கொடிக் கப்பல்களுக்கு 2029 ஜூலை வரை விலக்களிக்கலாம். அங்கு அதிகம் ஓடுபவை ரஷ்யக் கப்பல்களே! இதைத் தடை என்பதா, தவணை என்பதா? சரக்கனுப்பும் கம்பனிகளாவது, விலை கூடினாலும், டீசலில் ஓடும் கப்பலைக் கேட்கட்டும்.