வெயிலுக்கு சென்சார் சரி... காற்றுக்கு?

ஐரோப்பிய வீடுகளில் பின்பக்கம் உட்காரும் இடத்துக்கு மேலே, சுருட்டி விரிக்கிற துணிப்பந்தல் போட்டிருப்பார்கள். ஜெர்மன்காரர்கள் 'மார்க்கீஸெ' என்பார்கள். இதில் மோட்டாரும் வெயில் சென்சாரும் சேர்த்தால், வெயிலடித்ததும் தானே விரியும். கேட்க சொகுசாகத்தான் இருக்கிறது!

ஆனால் யோசித்துப் பாருங்கள். கையால் சுற்றும் பந்தல் ஆள் இருந்தால்தான் விரியும். வெயில் சென்சாரோ பூட்டிய வீட்டிலும் விரித்துவிடும். காற்று வந்தால் மூடுவது யார்?

இஎன் 13561 என்ற ஐரோப்பியத் தரவிதியில் 2-ஆம் வகுப்புப் பந்தல் தாங்குவதே மணிக்கு 38 கி.மீ. காற்று வரைக்கும்தான். வேகம் இரண்டு மடங்கானால் துணியைத் தள்ளும் விசை நான்கு மடங்கு! சுவரிலிருந்து பெயர்ந்து வந்தால், கீழே இருப்பவர் தலைக்கு யார் பொறுப்பு?

அப்படியிருந்தும் பல விலைப்பட்டியல்களில் காற்று சென்சார் 'வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள்' ரகம். ஆக்ஸிலரேட்டர் வண்டியோடு வரும், பிரேக்குக்குத் தனிக் காசு என்றால் ஒப்புக்கொள்வோமா? இது வியாபாரத் தந்திரம். வாடிக்கையாளரின் சுதந்திரம் அல்ல.

காற்று சென்சார் இருந்தாலும், திடீர் சூறைக்குள் மூடி முடிக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. கரண்ட் போனால் மோட்டாரும் அசையாது. ஆகவே வெளியூர் போகிறவர்கள் தானியங்கியை அணைத்து, பந்தலைச் சுருட்டிவிட்டுத்தான் போக வேண்டும். விற்பவர்களுக்கோ ஒரே விதி போதும்: காற்று சென்சார் இல்லாமல் வெயில் சென்சார் விற்கக் கூடாது!